முகம் தெரியாத மாநடிகர்

நடிகர் ஒருவரின் பெயரைச் சொன்னதும் அவருடைய முகம் நம் கண்முன் வந்து நிற்கும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் மக்கள் காசு கொடுத்துக் கொட்டகைக்குள் நுழைகிறார்கள். திரைப்படத் தொழில் என்னும் பெரிய மாளிகை நிற்பதே அந்த முகங்களின்மேல்தான் எனலாம். ஆனால் அறுபது ஆண்டுக்காலம் மேடையிலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் நடித்து, ஆஸ்கார் பரிசும் 'சர்' பட்டமும் பெற்ற ஓர் ஆங்கில நடிகர், கூட்டத்தில் நின்றால் பத்தோடு பதினொன்றாகத் தோன்றக்கூடியவராக இருந்தார். இயற்கை அவருக்கு அப்படியொரு முகத்தைத் தந்தது என்பது பாதி உண்மை. அவரே அதை அப்படி வைத்துக்கொண்டார் என்பது மறு பாதி. அவர்தாம் சர் அலெக் கின்னஸ்.

கின்னஸ் என்றதும் உலக சாதனைப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு ஒரு சொல்: அந்தப் புத்தகத்திற்கும் இவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அவர் நடித்த படங்களையெல்லாம் வரிசையாக எழுதி இப்பக்கங்களை நிரப்புவது என் நோக்கமன்று. ஒரு மனிதர் தம்மை எவ்வளவு தூரம் மறைத்துக்கொள்ள முடியும்? அப்படி மறைத்துக்கொண்டு இன்னொருவராக மாறும்போது, அந்த இன்னொருவருக்கு அவர் நியாயம் செய்கிறாரா? இவ்விரு கேள்விகளுக்கும் கின்னஸின் கலைவாழ்வில் விடை கிடைக்கிறதா என்று பார்ப்பதே என் விருப்பம்.

1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் இலண்டனில் அவர் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் 'அலெக் கின்னஸ் டி கஃப்' என்று இருந்தது. தாயின் பெயர் ஆக்னஸ் கஃப். தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அவர் 86 வயது வரை வாழ்ந்தும் அந்த வெற்றிடம் உறுதியான ஒரு பெயரால் நிரம்பவே இல்லை. ஆண்ட்ரூ கெட்டஸ் என்னும் ஸ்காட்லாந்து வங்கியாளர் ஒருவர் அவருடைய பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தி வந்தார். உறவினர் என்ற முறையில் எப்போதாவது வந்து பார்த்துவிட்டும் போவார். தாயோ ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தவர் அல்லர். விடுதி விட்டு விடுதி, அறை விட்டு அறை என்று மாறிக்கொண்டே இருந்த வாழ்க்கை. இடையில் ஸ்டிவன் என்னும் இராணுவ அதிகாரியை அவர் மணந்துகொண்டார். அந்த மனிதரின் முரட்டுத்தனத்தைக் கண்டு சிறுவன் நடுங்கினான். 14-ஆம் வயதில்தான், 'இனி உன் பெயர் கின்னஸ்' என்று மிகச் சாதாரணமாக அவனுக்குச் சொல்லப்பட்டது. அதற்குள் அவன் மூன்று பெயர்களில் வாழ்ந்து முடித்திருந்தான்!

இதை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தான் யார் என்பது தனக்கே தெரியாத ஒரு சிறுவன், பிறராக இருப்பதை எளிதாகக் கற்றுக்கொள்கிறான். அவனுக்குக் கழற்றிவைக்க வேண்டிய சட்டை ஒன்றும் இல்லை.

பள்ளி முடிந்ததும் விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதும் வேலையில் சேர்ந்தார். அதை விட்டுவிட்டு நடிப்புப் பள்ளிக்குப் போனார். கையில் காசில்லை. அந்நாளில் ஆங்கில நாடக மேடையின் இளவரசராக விளங்கிய ஜான் கீல்குட்டிடம் சென்று வேலைக்கு வழி கேட்டார். கீல்குட் அங்கும் இங்குமாகச் சிலரிடம் அனுப்பிப் பார்த்தார், ஒன்றும் கைகூடவில்லை. கடைசியில் இளைஞரின் வறுமையைக் கண்டு 20 பவுன் பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பட்டினியாக இருந்தும் கின்னஸ் அதைத் தொடவில்லை. பணம் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். பிறகு அதே ஆண்டில், 1934-இல், ஒரு நாடகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. முதல் அங்கத்தில் சீனக் கூலியாள், இரண்டாம் அங்கத்தில் பிரெஞ்சுக் கடற்கொள்ளைக்காரன், மூன்றாம் அங்கத்தில் ஆங்கில மாலுமி. ஒரே நாடகத்தில் மூன்று ஆள்! பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டியே சொன்னதுபோல் அமைந்தது அந்த வேலை. ஆண்டு முடிவதற்குள் கீல்குட்டே தம் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஆஸ்ரிக் என்னும் சிறு வேடத்தை அவருக்குக் கொடுத்தார். நான்கே ஆண்டுகளில், 1938-இல், புகழ்பெற்ற 'ஓல்டு விக்' அரங்கில் கின்னஸ் ஹாம்லெட்டாகவே நின்றார். மெரூலா சலாமன் என்னும் நடிகையை மணந்ததும் அந்த ஆண்டில்தான்.

இரண்டாம் உலகப்போரில் அவர் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தார். 1943-இல் சிசிலித் தீவின்மீது நேசநாடுகள் படையெடுத்தபோது, வீரர்களைக் கரையிறக்கும் படகு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. போர் முடிந்து திரும்பியவருக்கு மேடை காத்திருந்தது, திரையும் காத்திருந்தது.

திரைக்கு அவரைக் கொண்டுவந்தவர் இயக்குநர் டேவிட் லீன். போருக்கு முன்பே டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைக் கின்னஸ் நாடகமாக எழுதி, அதில் ஹெர்பர்ட் பாக்கெட் என்னும் நண்பனாக நடித்திருந்தார். அந்த நாடகத்தைப் பார்த்த லீன் 1946-இல் அந்நாவலைப் படமாக்கியபோது, அதே வேடத்தை அவருக்கே தந்தார். அடுத்து 'ஆலிவர் ட்விஸ்ட்' படம் தொடங்கிற்று. சிறுவர்களைத் திருடப் பழக்கும் கிழவன் ஃபாகின் வேடம் தமக்கு வேண்டும் என்று கின்னஸ் கேட்டார். லீனுக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பத்து மூன்று வயது இளைஞர் எங்கே, அந்தக் கிழவன் எங்கே! 'ஒப்பனையோடு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்; அதுவரை என்னை எதுவும் கேட்காதீர்கள்' என்று கின்னஸ் வேண்டினார். கேமராவின்முன் வந்து நின்ற உருவத்தைக் கண்ட லீன் அதன்பின் வாய் திறக்கவில்லை. அந்த ஒப்பனையைச் செய்தவர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈலிங் என்பது இலண்டனின் மேற்குப் பகுதி. அங்கிருந்த சிறிய படப்பிடிப்பு நிலையத்திலிருந்து போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு புதுவகை நகைச்சுவைப் படங்கள் வந்தன. அவற்றில் உரத்த சிரிப்பு இராது. மரியாதைக்குரிய ஆங்கிலேயர்கள் மரியாதை குன்றாமலே திருடுவார்கள், கொலை செய்வார்கள். 1949-இல் இராபர்ட் ஹாமர் இயக்கிய 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' அத்தகையது. பிரபுக் குடும்பம் ஒன்றால் ஒதுக்கப்பட்ட பெண்ணின் மகன், தனக்கும் பிரபுப் பட்டத்திற்கும் இடையில் நிற்கும் உறவினர்களை ஒருவர்பின் ஒருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். கொல்லும் வாலிபராக நடித்தவர் டென்னிஸ் பிரைஸ். கொல்லப்படும் குடும்பத்தின் எட்டுப் பேராகவும் நடித்தவர் கின்னஸ். படைத்தலைவர், கடற்படைத் தலைவர், வங்கி முதலாளி, பாதிரியார், புகைப்படப் பைத்தியம் பிடித்த இளைஞர், இவர்களோடு பலூனில் பறந்து பெண்களின் வாக்குரிமைக்காகத் துண்டறிக்கை வீசும் அகதா சீமாட்டியும் அவரே! நான்கு வேடங்களுக்குத்தான் முதலில் கேட்டார்களாம். நான்கு எதற்கு, எட்டையும் கொடுங்கள் என்றவர் கின்னஸ்.

இப்படத்தில் ஒரு காட்சி தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. தேவாலயத்தில் அந்தக் குடும்பத்தார் அறுவர் ஒன்றாக இருக்கிறார்கள். ஆறு பேரும் கின்னஸ். கணினி இல்லாத காலம் அது. எப்படிச் செய்தார்கள்? கேமராவைத் தரையோடு அசையாதபடி பொருத்திவிட்டார்கள். லென்சின் முன்பு கருந்தடுப்பு வைத்து, சட்டத்தின் ஒரு பகுதி மட்டும் பதிவாகும்படி செய்தார்கள். அந்தப் பகுதியில் கின்னஸ் ஓர் ஆளாக அமர்ந்து நடித்தார். பிறகு படச்சுருளைத் தொடங்கிய இடத்திற்கே பின்னோக்கிச் சுற்றிவிட்டு, தடுப்பை இடம் மாற்றி, அவர் வேறு ஒப்பனையில் வந்து பக்கத்து இடத்தில் அமர்ந்தார். இப்படி ஒரே படச்சுருள் ஆறு முறை கேமராவுக்குள் ஓடிற்று. ஒவ்வொரு ஒப்பனைக்கும் மணிக்கணக்காயிற்று. இடையில் யாராவது கேமராவில் இடித்து அது நூலளவு நகர்ந்தாலும் அத்தனையும் பாழ். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகம் இரவிலும் கேமராவை விட்டுப் பிரியாமல் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

ஆனால் நுட்பம் என்னை அதிகம் கவரவில்லை. எட்டுப் பேரில் ஒருவரை நினைவில் வைத்துக்கொண்டு மற்றொருவரைப் பாருங்கள். வங்கி முதலாளியின் தளர்ச்சியும் படைத்தலைவரின் சலிப்பூட்டும் பழம்பெருமையும் ஒட்டிய மீசையிலும் தாடியிலும் இல்லை; உட்காரும் விதத்தில் இருக்கின்றன, மூச்சு விடும் விதத்தில் இருக்கின்றன. ஒரு பாத்திரம் எப்படி நடக்கும் என்பது பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமே வந்துசேரும் என்பது அவர் வழி.

இதே ஈலிங் நிலையத்தில் 1951-இல் வந்த 'தி லாவண்டர் ஹில் மாப்' படத்தில், இருபது ஆண்டுகளாகத் தங்கப் பாளங்களுக்குக் காவலாக வண்டியில் போய்வரும் அடக்கமான எழுத்தர், ஒருநாள் அந்தத் தங்கத்தைத் திருடி, ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக வார்த்துப் பிரான்சுக்கு அனுப்புகிறார். அதே ஆண்டில் 'தி மேன் இன் தி ஒயிட் சூட்'. அழுக்கும் படியாமல் கிழியவும் கிழியாமல் இருக்கும் துணியைக் கண்டுபிடித்த விஞ்ஞானியை ஆலை முதலாளிகளும் துரத்துகிறார்கள், தொழிலாளர்களும் துரத்துகிறார்கள். பொருளாதாரம் படிக்கும் நண்பர்கள் இதை ஒரு பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். 1955-இல் 'தி லேடிகில்லர்ஸ்'. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஹாலிவுட்டில் ஒரு வினோதம் நிகழ்ந்தது. நடிகர் ஜேம்ஸ் டீன் தாம் புதிதாக வாங்கிய பந்தயக் காரைக் கின்னஸிடம் காட்டினார். இதில் ஏறினால் அடுத்த வாரம் இந்நேரம் உயிரோடு இருக்கமாட்டீர் என்று, ஏன் சொல்கிறோம் என்று தெரியாமலே, கின்னஸ் சொல்லிவிட்டார். சரியாக ஏழாம் நாள் டீன் அந்தக் காரிலேயே விபத்தில் இறந்தார். தற்செயல் என்றுதான் நான் கொள்கிறேன்.

இனி 1957-க்கு வருவோம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. ஜப்பானியரிடம் கைதியான ஆங்கிலக் கர்னல் நிக்கல்சன், அதிகாரிகளைக் கூலிவேலைக்கு அனுப்பக்கூடாது என்ற போர்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொளுத்தும் வெயிலில் தகரக் கூண்டுக்குள் அடைக்கப்பட்டும் அவர் பணியவில்லை. கடைசியில் வெல்கிறார். வென்றபிறகு என்ன செய்கிறார்? தம் வீரர்களின் ஒழுங்கைக் காப்பாற்றுவதாக நினைத்து, பகைவனுக்குத் தேவையான பாலத்தைப் பகைவனே வியக்கும்படி கட்டிக்கொடுக்கிறார். கடமை என்னும் குதிரை கண்பட்டையோடு ஓடினால் எங்கே போய் நிற்கும் என்பதைக் காட்டும் பாத்திரம் இது. கூண்டிலிருந்து வெளியே வந்து கமாண்டரின் அறைக்கு நிக்கல்சன் நடக்கும் நடை, உலகத் திரைப்படங்களில் மறக்கமுடியாத நடைகளில் ஒன்று. கால் பின்னுகிறது, முதுகு மட்டும் வளையவில்லை. அந்த நடையை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? அவருடைய ஒரே மகன் மாத்யூ இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு, பிழைத்து, மீண்டும் நடக்கப் பழகிய நாட்களில் தட்டுத்தடுமாறி அடியெடுத்து வைத்தானே, அந்த நடையிலிருந்து. ஆஸ்கார் பரிசு அந்தப் படத்திற்காக அவருக்குக் கிடைத்தது. தந்தை ஒருவரின் வேதனை அதற்கு அடியில் இருந்தது என்பதை அறிந்தபின் என்னால் அக்காட்சியைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

இப்படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துள்கல என்னும் ஊரில், களனி ஆற்றின்மேல். கதை நிகழும் இடமோ தாய்லாந்து. 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை அமைத்தனர். அதில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டு, பல்லாயிரக்கணக்கில் காலராவுக்கும் பசிக்கும் பலியாயினர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். சயாம் மரண இரயில் என்று இன்றும் அக்குடும்பங்கள் நினைவுகூரும் அந்தத் துயரத்தில், தமிழருக்குப் படத்தில் இடமில்லை. கின்னஸின் நடிப்பைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. மிகச் சிறந்த நடிப்பும் கதை எழுதுபவன் திறந்துவிட்ட கதவுக்குள்தான் நடமாட முடியும்.

பிறராக மாறுவதில் இருக்கும் சிக்கலையும் இங்கேயே பேசிவிடுகிறேன். ஃபாகின் ஒரு யூதன். டிக்கன்ஸ் நாவலின் பழைய சித்திரங்களைப் பின்பற்றி, வளைந்த பெரிய மூக்கை ஒட்டிக்கொண்டு கின்னஸ் நடித்தார். படம் வெளிவந்தது 1948-இல்; இலட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்ட முகாம்கள் மூடி மூன்றே ஆண்டு. 1949-இல் பெர்லின் நகரில் படம் திரையிடப்பட்டபோது, உயிர் தப்பிய யூதர்கள் தெருவில் இறங்கிப் போராடினர்; காட்சி நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் சில காட்சிகள் வெட்டப்பட்டு 1951-இல்தான் அது வெளியாயிற்று. நடிப்பு அற்புதம் என்பதில் ஐயமில்லை. அற்புதமாக இருந்ததுதான் குற்றமாகவும் ஆயிற்று.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே இயக்குநர், அதே நடிகர். ஈ.எம். ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலை 1984-இல் லீன் படமாக்கினார். அதில் வரும் பேராசிரியர் நாராயண் கோட்போலே என்னும் பிராமணராக, முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு கின்னஸ் நடித்தார். அந்நாவல் எங்களுக்குப் பாடமாக இருந்தமையால் வகுப்புத் தோழர்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம். மலை இரயில் வந்தபோது எங்களுக்கு உற்சாகம். அது நம் நீலகிரி மலை இரயில் அல்லவா! ஆனால் கோட்போலே வாயைத் திறந்தபோது பின்னாலிருந்து ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு எல்லோரும் சிரித்தோம். ஃபார்ஸ்டரின் கோட்போலே சிரிப்புக்கு உரியவர்போலத் தோன்றினாலும், நன்மை, தீமை, இறைவன் இல்லாமை என்று அவர் பேசும்போது கதையின் ஆழமே அவரிடம் இருப்பது தெரியும். திரையில் அந்த ஆழத்தைக் காணோம். அவ்வளவு தேர்ந்த நடிகரின் கண்களில் ஏதோ ஒரு தயக்கம்தான் தெரிந்தது. விக்டர் பானர்ஜி, சயீத் ஜாஃப்ரி, ரோஷன் சேத் போன்ற நம் நாட்டு நடிகர்கள் அதே படத்தில் அவரைச் சுற்றி இயல்பாக நடமாடியது, அந்த ஒப்பனையை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டிற்று. கோட்போலேக்காக அவர் முயன்று பயின்ற நடனம் ஒன்றையும் லீன் படத்திலிருந்து நீக்கிவிட்டார். அது கின்னஸின் மனத்தைப் புண்படுத்தியது. எனக்கு என்னவோ, லீன் அந்த ஒரு வெட்டில் நண்பருக்கு உதவியே செய்தார் என்று தோன்றுகிறது.

எட்டு ஆங்கிலேயராக அவர் மாறியபோது ஒவ்வொருவரும் உயிரோடு இருந்தார்கள். அந்த மனிதர்களை அவர் உள்ளிருந்து அறிவார். யூதனாகவும் இந்தியனாகவும் மாறியபோது வெளியிலிருந்து பார்த்ததையே அணிந்துகொண்டார். மூக்கும் மையும் அங்கேதான் தேவைப்பட்டன.

1959-இல் 'சர்' பட்டம். 1962-இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் இளவரசர் ஃபைசல், 1965-இல் 'டாக்டர் ஷிவாகோ', 1970-இல் தலை வெட்டப்படும் முதலாம் சார்லஸ் மன்னர். நியூயார்க்கு மேடையில் கவிஞர் டிலன் தாமஸாக நடித்து 1964-இல் டோனி பரிசு. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அறுபது வயதைத் தாண்டியவருக்கு நல்ல வேடங்கள் அருகி வந்தன. அந்த நேரத்தில் ஓர் இளம் அமெரிக்க இயக்குநர் விண்வெளிக் கதை ஒன்றை அனுப்பினார்.

1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' பற்றி நம் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஓபி-வான் கெனோபி என்னும் முதிய வீரராக வருபவர் கின்னஸ். வசனங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவற்றைக் கேலி செய்தார். ஆனால் ஒப்பந்தத்தில் கெட்டிக்காரத்தனமாக வருவாயில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல் பங்கு பெற்றிருந்தார். அறுபது ஆண்டு உழைப்பு தராத செல்வத்தை அந்த ஒரு படம் தந்தது. கூடவே, அறுபது ஆண்டு உழைப்பையும் அது விழுங்கிவிட்டது! இறுதிவரை அவருக்கு வந்துகொண்டிருந்த இரசிகர் கடிதங்கள் ஓபி-வானுக்கு வந்தவை. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு சிறுவன், அந்தப் படத்தை நூறு முறைக்கு மேல் பார்த்திருப்பதாகப் பெருமையோடு அவரிடம் சொன்னான். 'இனி ஒருபோதும் பார்க்கமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுப்பாயா?' என்று கின்னஸ் கேட்டார். சிறுவன் அழுதுவிட்டான், அவன் தாய் சினந்தாள். இச்செய்தியை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். என் மனம் அந்தச் சிறுவன் பக்கமே சாய்கிறது. அவன் என்ன பிழை செய்தான்? பொம்மைகளும் இயந்திர மனிதர்களும் நிறைந்த கதையில், அமைதியாக உட்கார்ந்து பழங்கதை சொல்லும் ஒரு முதியவரை அவன் நம்பினான். நம்பும்படி நடித்தவர் கின்னஸ்தான்.

முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஸ்டூவர்ட் ஃப்ரீபார்னும் இங்கே வருகிறார். ஸ்டார் வார்ஸ் படத்தின் ஒப்பனைப் பொறுப்பு அவருடையது. 1980-இல் வந்த அடுத்த படத்தில் 'யோடா' என்னும் குள்ள ஞானியின் உருவத்தைச் செய்தவரும் அவரே. ஃபாகினின் மூக்கைச் செய்த கை அது.

அவருடைய மிகச் சிறந்த நடிப்பு எது என்று கேட்டால், திரைப்படத்தைக் காட்டமாட்டேன். தொலைக்காட்சியைக் காட்டுவேன். 1979-இல் பி.பி.சி. தொலைக்காட்சி, ஜான் லெ காரே எழுதிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலை ஏழு பகுதிகளாக ஒளிபரப்பியது. இயக்குநர் ஜான் இர்வின். ஆங்கில உளவுத்துறையின் மிக உயர்ந்த இடத்தில் சோவியத்து ஒற்றன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவன் யார் என்று கண்டுபிடிக்க, ஓய்வுக்குத் தள்ளப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலியை இரகசியமாக அழைக்கிறார்கள். துப்பாக்கி இல்லை, கார்த் துரத்தல் இல்லை. தடித்த கண்ணாடி, மேலங்கி, மனைவி விட்டுப்போன வீடு. அவ்வளவுதான் ஸ்மைலி.

இந்த வேடத்திற்கு உண்மையான ஒற்றர் தலைவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கின்னஸ் விரும்பினார். பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சர் மாரிஸ் ஓல்டுஃபீல்டை லெ காரே விருந்துக்கு அழைத்து அறிமுகம் செய்துவைத்தார். விருந்து முடிந்து ஓல்டுஃபீல்டு தெருவில் நடந்து போவதைக் கின்னஸ் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாராம். அவர் சட்டைக்கைப் பொத்தான்களைப் பற்றிக்கூட விடாமல் விசாரித்தாராம். மறுபடியும் நடைதான்!

தொலைக்காட்சிப் பெட்டி அந்நாளில் சிறியது. அதில் பாலைவனமும் படையும் எடுபடா. எடுபடுவது முகம் ஒன்றே. வாழ்நாள் முழுதும் முகத்தை மறைத்துவந்த நடிகர், 65-ஆம் வயதில் மூக்கும் மீசையும் மையும் இல்லாமல், அந்தச் சிறு கண்ணாடிச் சட்டத்திற்குள் தம் சொந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். என்ன செய்தார்? கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு பகுதிகளிலும் பெரும்பாலும் மற்றவர்கள்தாம் பேசுகிறார்கள். ஸ்மைலி கேட்கிறார். சொல்பவன் ஒரு பொய்யை நழுவவிடும்போது அவர் முகத்தில் எதுவும் அசைவதில்லை. ஆனால் அவர் கண்டுகொண்டார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிகிறது என்று அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு காட்சியில் நிலைமை தலைகீழாகிறது. பல ஆண்டுகளுக்கு முன் தில்லிச் சிறையில் கார்லா என்னும் சோவியத்து ஒற்றர் தலைவனை ஸ்மைலி விசாரித்த காட்சி. கார்லாவாக வரும் பாட்ரிக் ஸ்டூவர்ட் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஸ்மைலி பேசிக்கொண்டே போகிறார். பேசப் பேசத் தம் பலவீனங்களை எல்லாம் கொட்டிவிடுகிறார். மௌனத்தின் வலிமையை அறிந்த நடிகர், அதை எதிராளிக்குத் தந்துவிட்டுத் தாம் தோற்றுக் காட்டுகிறார்.

தொடர் முடிந்து சில வாரங்களில், அவ்வாண்டு நவம்பரில், அரசியாரின் ஓவியங்களுக்குக் காப்பாளராயிருந்த சர் ஆன்டனி பிளன்ட் என்பவர் சோவியத்து ஒற்றராயிருந்தவர் என்று பிரதமர் தாட்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். கதை செய்தியாயிற்று. 1982-இல் 'ஸ்மைலீஸ் பீப்பிள்' என்னும் அடுத்த தொடரும் வந்தது. இரண்டு தொடர்களுக்கும் பிரிட்டனின் சிறந்த தொலைக்காட்சி நடிகருக்குரிய பாஃப்டா பரிசு அவருக்கே கிடைத்தது. இதைவிடப் பெரிய பரிசு வேறொன்று. எழுத உட்கார்ந்தால் ஸ்மைலியின் குரலாகக் கின்னஸின் குரலே காதில் விழுகிறது என்று லெ காரே கூறினார். தாம் படைத்த பாத்திரம் தம் கையைவிட்டுப் போய்விட்டதாக அவர் உணர்ந்தார். ஓர் எழுத்தாளரிடமிருந்து அவருடைய மனிதரை அன்போடு பறித்துக்கொண்ட நடிகர் வேறு யாரேனும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய மதமாற்றமும் நடிப்போடு பின்னியது. 1954-இல் வந்த 'ஃபாதர் பிரவுன்' படத்திற்காகப் பிரான்சு நாட்டுச் சிற்றூரில் பாதிரியார் உடையில் அவர் நடந்துகொண்டிருந்தபோது, அறியாத சிறுவன் ஒருவன் ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு பேசிக்கொண்டே வந்தான். உடையை நம்பி ஒரு குழந்தை இவ்வளவு அச்சமின்றி வருகிறதே என்று அவர் வியந்தார். மகனின் நோய் வேறு அவரைக் கோயில் வாசலுக்கு இழுத்திருந்தது. 1956-இல் கத்தோலிக்கரானார். வேடத்தை ஒருவன் நம்பினால் வேடம் போட்டவனுக்கு அதில் பொறுப்பு வந்துவிடுகிறது என்பதை அந்தப் பிரெஞ்சுச் சிறுவன் அவருக்கு உணர்த்தியிருக்கிறான். சான் பிரான்சிஸ்கோ சிறுவனிடம் மட்டும் ஏன் அவர் அவ்வளவு கடுமையாக இருந்தார் என்பது இதனாலேயே எனக்குப் புதிராக இருக்கிறது.

1987-இல் மீண்டும் டிக்கன்ஸ். 'லிட்டில் டாரிட்' படத்தில் கடன்காரர் சிறையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தும் கனவானாகவே தம்மைக் கருதிக்கொள்ளும் டாரிட்டாக நடித்தார். ஆஸ்காருக்கு இன்னொரு முறை பெயர் முன்மொழியப்பட்டது. 1985-இல் தம் இளமைக்காலத்தை நூலாக எழுதியவர், 1996-இலும் 1999-இலும் நாட்குறிப்புகளை நூல்களாக வெளியிட்டார். தெளிந்த, சற்றே குறும்பான ஆங்கிலம். முதல் நூலில் தம்மைப் பற்றிச் சொன்னதைவிடத் தமக்கு உதவியவர்களைப் பற்றிச் சொன்னதே அதிகம். நாட்குறிப்புகளில் ஒன்றுக்கு அவர் சூட்டிய பெயருக்கு, 'என் பெயர் நினைவுக்கு வரவில்லை' என்று பொருள். மூன்று பெயர்களோடு தொடங்கியவர் அல்லவா!

2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் அவர் காலமானார். 62 ஆண்டுகள் உடன் வாழ்ந்த மெரூலா, அவ்வாண்டு அக்டோபரில் அவரைத் தொடர்ந்தார்.